கடற்கரையில் கேம்பர் வேன் மக்கர் செய்தால்: ராமநாதபுரம் கரைக்கான பிழை நீக்கும் வழிமுறை

தொண்டியிலிருந்து தனுஷ்கோடி வரை ஒரு பக்கம், அங்கிருந்து திரும்பி ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் என்று இன்னொரு பக்கம். படுக்கை, அடுப்பு, தண்ணீர் டேங்க் எல்லாம் உள்ளேயே வைத்துக்கொண்டு இந்தக் கரைக்கு வரும் கேம்பர் வேன்களைச் சரிசெய்து அனுப்புவது என் வேலை. வருகிற கோளாறுகள் பெரும்பாலும் ஒன்றேதான்: மணல், உப்பு, காற்று, இல்லாவிட்டால் சீமைக்கருவேல முள். இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். பாதிக் கோளாறு வண்டியில் இருப்பதில்லை, வண்டியை நிறுத்திய இடத்தில் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு தலைப்பிலும் காசு செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன். மேலிருந்து கீழே வரிசையாகப் பாருங்கள், தாண்டிப் போகாதீர்கள்.

சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை

முதலில் அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். சக்கரம் சும்மா சுற்றும் ஒவ்வொரு நொடியும் வண்டி இன்னும் கீழே இறங்குகிறது. எல்லோரும் இறங்கிய பிறகு, எந்த மாதிரி மணல் என்று பாருங்கள்.

*காய்ந்த, உதிரி மணல் என்றால்*

இதுதான் எளிதானது. தனுஷ்கோடி சாலையின் இரு ஓரமும், அரியமான் சவுக்குத் தோப்பைத் தாண்டிய பகுதியும் இப்படித்தான். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனைக்கு 2017-இல் தார்ச்சாலை வந்த பிறகு, எந்த வண்டியும் அங்கே போகலாம் என்று ஆகிவிட்டது. தார் முடிகிற விளிம்பிலிருந்து இரண்டு அடி தள்ளினாலே பழைய மணல்தான். அதற்கு முன்பு நான்கு சக்கரமும் இழுக்கும் வேன்களும் ஜீப்புகளும் மட்டுமே ஓடிய மணல் அது.

1. சக்கரத்துக்கு முன்னும் பின்னும் உள்ள மணலை மண்வெட்டியால் சரிவாக இழுத்துவிடுங்கள். சக்கரம் ஏறி வர ஒரு சாய்வு கிடைத்தால் போதும். வண்டியின் அடியில் மணல் முட்டிக்கொண்டிருந்தால் அதையும் அள்ளுங்கள்.

2. டயர் காற்றை இறக்குங்கள். வழக்கமாக நிரப்பும் அளவில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துப் பாருங்கள். அப்படியும் வரவில்லையென்றால் பாதி வரை போகலாம். காற்று குறைந்தால் டயர் பரந்து உட்காரும், மணலை வெட்டாது. நான்கு சக்கரத்திலும் இறக்க வேண்டும், இழுக்கிற சக்கரத்தில் மட்டும் போதாது.

3. சக்கரத்துக்குப் பின்னால், வண்டியை எடுக்கப்போகும் பக்கம் பிடிமானம் கொடுங்கள். மணல் பலகை இல்லையென்றால் பச்சைத் தென்னை ஓலை நல்லது, உச்சிப்புளிப் பக்கம் தோப்புகளில் கேட்டால் கிடைக்கும். சாக்கும் உதவும். பனை மட்டையைப் போடாதீர்கள். அதன் கருக்கு ரம்பம் போல இருக்கும், டயரின் பக்கச் சுவரைக் கிழித்துவிடும். பனை என்றால் மட்டையை வெட்டி எறிந்துவிட்டு ஓலையை மட்டும் விரியுங்கள்.

4. வந்த தடத்திலேயே பின்னால் எடுங்கள். அந்த மணல் ஏற்கெனவே இறுகியிருக்கிறது. ரிவர்ஸில் கிளட்சை மெதுவாக விட்டு, ஒரே சீராக. நகர ஆரம்பித்தால் கெட்டி நிலம் வரும்வரை நிறுத்தாதீர்கள்.

இன்னும் வரவில்லையா? எடையைக் குறையுங்கள். 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. ஆனால் நல்ல தண்ணீரை மணலில் திறந்துவிடாதீர்கள். இது குடத்தை வைத்துக்கொண்டு லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் ஊர். பக்கத்து வீடுகளில் சொன்னால் குடம் கொண்டுவந்து பிடித்துக்கொள்வார்கள். அப்படிப் பிடித்துப் போனவர்களே திரும்பி வந்து வண்டியைத் தள்ளிவிட்டதையும் பார்த்திருக்கிறேன்.

காற்று குறைந்த டயரோடு 20 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது, சட்டென்று ஒடிக்கவும் கூடாது. டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். தார்ச்சாலை ஏறியதும் காற்று அடிக்க வேண்டும். 12 வோல்ட்டில் ஓடும் சிறிய கம்ப்ரஸர் ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும்.

*மேலே வெள்ளையாகக் காய்ந்து, அடியில் கறுப்புச் சேறு என்றால்*

வாலிநோக்கம் உப்பளப் பக்கமும் கழிமுகங்களின் ஓரமும் இப்படி இருக்கும். மேல் ஓடு மனிதர் நடந்தால் தாங்கும், வண்டியைத் தாங்காது. இங்கே காற்று இறக்குவதும் ஓலை போடுவதும் அவ்வளவாக உதவாது. ஒரே ஒரு முறை பின்னால் எடுத்துப் பாருங்கள். வரவில்லையென்றால் நிறுத்திவிட்டு டிராக்டர் தேடுங்கள். இறங்கும் முன்பே ஒரு கம்பியையோ குச்சியையோ குத்திப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்: நுனியில் கறுப்பாக ஈரம் ஒட்டினால் அங்கே வண்டி போகக் கூடாது.

*அலை ஓரத்து ஈர மணல் என்றால்*

நடக்கும்போது கெட்டியாக இருக்கும். வண்டி நின்றதும் எடையில் நீர் கசிந்து மணல் இளகும். இங்கே நேரம்தான் முக்கியம். அலை சக்கரத்தைத் தொடும் ஒவ்வொரு முறையும் அடி மணலை அரித்துக்கொண்டு போகும். ஐந்து நிமிடம் முயன்று பாருங்கள், அதற்கு மேல் வேண்டாம். உடனே ஆட்களைக் கூப்பிடுங்கள்.

*எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்*

சேஸிஸோ பின் ஆக்சிலோ மணலில் உட்கார்ந்துவிட்டால், வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால், கடல் ஏறிக்கொண்டிருந்தால் நீங்களாக முயல வேண்டாம். மீனவ ஊர்களில் டிராக்டர் வைத்திருப்பவர் யாராவது இருப்பார். "அண்ணே, வண்டி பொதைஞ்சு போச்சு, கொஞ்சம் இழுத்து விடுறீங்களா?" என்று கேட்டால் வருவார்கள். டீசலுக்கும் நேரத்துக்கும் கூலியை முன்பே பேசிக்கொள்ளுங்கள், அதுதான் இருவருக்கும் மரியாதை.

கயிற்றை இழுவைக் கொக்கியில் மட்டும் கட்டுங்கள். பம்பரிலோ ஸ்டியரிங் ராடிலோ கட்டக் கூடாது. வெடுக்கென்று இழுக்கக் கூடாது. கயிறு அறுந்தால் உயிருக்கே ஆபத்து. சுற்றி நிற்கும் சிறுவர்களைக் கயிற்றின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். உதவி செய்ய ஆசையாக ஓடி வருவது அவர்கள்தான், கயிற்றுக்குப் பக்கத்தில் நிற்பதும் அவர்கள்தான்.

காலையில் கியர் விழுகிறது, வண்டி அசைய மறுக்கிறது

கெட்டி நிலத்தில் நின்ற வண்டியா? அப்படியானால் ஹேண்ட் பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கும். உப்புக் காற்றில் ஓர் இரவு, இரண்டு இரவு நின்றாலே பிரேக் ஷூ டிரம்மில் துருவோடு ஒட்டிவிடும்.

ஹேண்ட் பிரேக்கை முழுதாக விடுவித்து, முதல் கியரிலும் ரிவர்ஸிலும் மாற்றி மாற்றி லேசாக ஆட்டுங்கள். பெரும்பாலும் 'டக்' என்ற சத்தத்தோடு விட்டுவிடும். விடவில்லையென்றால் கட்டையை வைத்து டிரம்மின் மேல் மெல்லத் தட்டுங்கள். வண்டி உருண்டுவிடாதபடி சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்த பிறகுதான் தட்ட வேண்டும்.

விட்ட பிறகு ஐந்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொடாதீர்கள். ஒரு சக்கரம் மட்டும் அனல் அடித்தால், கருகல் வாடை வந்தால், பிரேக் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த வண்டியைப் பாம்பன் பாலத்தில் ஏற்றாதீர்கள். மெக்கானிக்கை வரவழையுங்கள்.

அடுத்த இரவிலிருந்து சமதரையில் நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டு ஹேண்ட் பிரேக்கை விட்டுவிடுங்கள். கடற்கரையை விட்டுக் கிளம்பும் நாளில் வாட்டர் சர்வீஸில் அடிப்பக்கத்தைக் கழுவச் சொல்லுங்கள். கழுவும் முன் ஒன்று கவனியுங்கள்: இந்த மாவட்டத்தில் பல போர்களில் (ஆழ்துளைக் கிணறுகளில்) தண்ணீர் உப்பு. விரலில் நனைத்து நாக்கில் வைத்துப் பாருங்கள். கரித்தால் வேறு இடம் போங்கள். உப்பை உப்பால் கழுவிப் பலனில்லை.

ஒரு டயர் மட்டும் மெதுவாகக் காற்று இறங்குகிறது

ராமநாதபுரம் என்றால் முதல் சந்தேகம் சீமைக்கருவேல முள்தான். கண்மாய்க் கரை, சாலை ஓரம், கடற்கரைக்கு இறங்கும் மண் பாதை என்று எங்கும் கிடக்கிறது. நிழல் என்று நினைத்து அந்த மரத்தடியில் வண்டியை விடாதீர்கள்.

டயர் முழுவதையும் கையுறை போட்டுத் தடவிப் பாருங்கள். முள் தெரிந்தால் உடனே பிடுங்க வேண்டாம். அதுவே துளையை அடைத்துக்கொண்டிருக்கலாம். தெரியவில்லையென்றால் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் குமிழி வருகிறதா பாருங்கள், வால்வு நுனியிலும் ஊற்றுங்கள். வால்வு மூடி தொலைந்து, மணல் புகுந்து கசிவதும் உண்டு. டியூப்லெஸ் டயரில் தரை தொடும் பகுதியில் துளை என்றால் பஞ்சர் கிட் போதும். பக்கச் சுவரில் குத்தியிருந்தால் ஒட்டு நிற்காது, ஸ்டெப்னி மாற்றிவிட்டு டயர் கடைக்குப் போங்கள்.

மணலில் ஜாக்கி வைத்தால் ஜாக்கிதான் கீழே போகும். ஒன்றரை அடி அகலத்தில் கனமான பலகை ஒன்று அடியில் வேண்டும். வண்டி தூக்கியிருக்கும்போது யாரும் அடியில் நுழையக் கூடாது, உள்ளே உட்காரவும் கூடாது.

உள்ளே விளக்கு எரியவில்லை, ஃபேன் ஓடவில்லை

*எல்லாமே ஒரே நேரத்தில் போய்விட்டது*

மெயின் சுவிட்ச், அப்புறம் பேட்டரி அருகில் உள்ள பெரிய பியூஸ், அப்புறம் டெர்மினல். இதே வரிசையில் பாருங்கள். உப்புக் காற்றில் டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும். முதலில் நெகட்டிவ்வைக் கழற்றுங்கள், பிறகு பாசிட்டிவ். சமையல் சோடா கலந்த நீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்து, துடைத்து, காய்ந்த பிறகு மாட்டுங்கள். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில். மேலே வாசலின் தடவுங்கள். பியூஸ் எரிந்திருந்தால் அதே அளவு பியூஸ்தான் போட வேண்டும். செம்புக் கம்பியைச் சுற்றி ஓட்டினால் வயரே பியூஸாகிவிடும், மரமும் பஞ்சுமாக இருக்கும் வண்டிக்குள் தீ பிடிக்க வேறு எதுவும் தேவையில்லை.

*நடுராத்திரியில் பேட்டரி தீர்ந்துவிடுகிறது*

முதலில் சோலார் பேனலைத் துடையுங்கள். மணலும் உப்பும் படிந்து மங்கிப்போன பேனல் வெயில் கொளுத்தினாலும் சரியாகச் சார்ஜ் ஏற்றாது. நல்ல தண்ணீரில் நனைத்த துணியால், விடியற்காலையில், பேனல் சூடாவதற்கு முன் துடைக்க வேண்டும். காய்ந்த துணியால் தேய்த்தால் மணல் கண்ணாடியைக் கீறிவிடும்.

அப்புறம் செலவைப் பாருங்கள். 1000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 90 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். இந்தப் புழுக்கத்தில் ஏசி போடத் தோன்றுவது இயல்புதான், ஆனால் வெளியிலிருந்து கரண்ட் இல்லாமல் இரவு முழுவதும் ஏசி ஓட்ட சாதாரண பேட்டரியால் முடியாது. ஃபிரிட்ஜின் பின்பக்கக் கம்பிகளிலும் மணல் அடைந்திருக்கும். பிரஷ்ஷால் தட்டிவிட்டால் ஃபிரிட்ஜ் குறைவாக ஓடும், பேட்டரியும் தாங்கும். காற்றோட்டத் திறப்பு இருக்கும் பக்கம் மேற்கு வெயிலைப் பார்க்காமல் வண்டியை நிறுத்துங்கள்.

இரண்டும் சரி என்றால் மல்டிமீட்டரை எடுங்கள். ஆசிட் பேட்டரி என்றால், எதுவும் ஓடாமல் சில மணி நேரம் விட்ட பிறகு 12.7 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட காலி. மாலையில் நிறைந்திருந்து, இரண்டு விளக்குக்கே காலையில் காலியானால் பேட்டரியின் ஆயுள் முடிந்தது. லித்தியம் பேட்டரிக்கு இந்த அளவுகள் பொருந்தாது, அதன் மானிட்டரைத்தான் நம்ப வேண்டும். லித்தியம் பேட்டரி உப்பியிருந்தாலோ சூடாக இருந்தாலோ கை வைக்காதீர்கள், தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

*இஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லை*

'டிக்' என்று மட்டும் சத்தம் வந்தால் மீண்டும் டெர்மினல்தான். சுத்தம் செய்தும் வரவில்லையென்றால் இன்னொரு வண்டியிலிருந்து ஜம்பர் கேபிள். இஞ்சின் நன்றாகச் சுற்றியும் பற்றவில்லையென்றால் டீசல் பக்கம் கோளாறு. செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்காதீர்கள், இருக்கிற பேட்டரியும் போய்விடும். மெக்கானிக் வேலை அது.

அடுப்பு

*அணைந்து அணைந்து போகிறது, அல்லது மஞ்சளாக எரிகிறது:* காற்று உள்ளே அடிக்கிறதா பாருங்கள். பர்னர் துளைகளில் மணல் இருக்கும், கழற்றி ஊசியால் குத்தி ஊதுங்கள். அதற்குப் பிறகும் மஞ்சள் என்றால் சிலிண்டர் தீரப்போகிறதா, ரெகுலேட்டர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அடுப்பு எரியும்போது ஜன்னலை முழுதாகச் சாத்தாதீர்கள்.

*கேஸ் வாடை வருகிறது:* இதில் காரணம் தேட வேண்டாம். ரெகுலேட்டரை மூடுங்கள், கதவைத் திறங்கள், எல்லோரையும் இறக்குங்கள். சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, வண்டியின் தரையில் தேங்கும். அதனால் வாடை போய்விட்டது என்று உடனே ஏறாதீர்கள். தள்ளிப் போய் 1906 என்ற அவசர எண்ணுக்குப் பேசுங்கள். ரப்பர் டியூபை வளைத்துப் பாருங்கள் என்று வழக்கமாகச் சொல்வேன், ஆனால் அது வாடை வருவதற்கு முன்பு செய்ய வேண்டியது. உப்புக் காற்றில் கிளிப் துருப்பிடித்துத் தளர்ந்துவிடும். பயணம் கிளம்பும் முன்பே சோப்பு நுரை தடவிப் பார்த்துவிடுங்கள்.

குழாயில் தண்ணீர் வரவில்லை

மோட்டார் சத்தம் கேட்கிறது, தண்ணீர் இல்லை என்றால் டேங்க் காலி, அல்லது மோட்டாருக்கு முன்னால் உள்ள வலையில் மணல். வலையைக் கழற்றிக் கழுவுங்கள். மாட்டும்போது வாஷரை மறக்காதீர்கள், காற்று இழுக்கும். குழாய் மூடியிருக்கும்போதே மோட்டார் விட்டுவிட்டு ஓடினால் எங்கோ கசிவு. சத்தமே இல்லையென்றால் பியூஸ்.

சோப்பு நுரைக்கவில்லையா? பிடித்த தண்ணீர் உப்பு. காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் குழாயா, ஊர் போரா என்று கேட்டுப் பிடியுங்கள். குடிக்க 20 லிட்டர் கேன் வாங்கிவிடுவதே நல்லது.

வண்டி ஆடுகிறது, பந்தல் துணி கிழிகிறது, மணல் உள்ளே கொட்டுகிறது

நின்ற திசைதான் தப்பு. துணியை உடனே சுருட்டுங்கள், கயிற்றை இழுத்துக் கட்டிச் சமாளிக்க நினைக்காதீர்கள். அப்புறம் வண்டியின் முகத்தைக் காற்றைப் பார்த்துத் திருப்புங்கள். பக்கவாட்டில் அடி வாங்கினால்தான் ஆடும்.

எந்தப் பக்கக் கரை என்பது அதைவிட முக்கியம். கச்சான் காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும். அந்த மாதங்களில் தேவிபட்டினம், தொண்டி, அரியமான் என்று பாக் விரிகுடாப் பக்கம் போங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வந்துவிட்டால் அப்படியே தலைகீழ்: சேதுக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கம் அமைதியாக இருக்கும். தனுஷ்கோடியில் பாக் விரிகுடாப் பக்கம் அமைதியான பெண் கடல், மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும் ஆண் கடல் என்று சொல்வார்கள். காலம் மாறினால் குணமும் மாறும் என்பதை அங்குள்ள மீனவர்களே சொல்லித் தருவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

பாம்பன் சாலைப் பாலத்தில் உயரமான வண்டி காற்றில் ஒதுங்கும். ரயில் பாலத்தில் காற்று அளவுக்கு மீறி அடித்தால் ரயிலையே நிறுத்துகிறார்கள். அப்படிக் காற்று அடிக்கும் நேரத்தில் மண்டபத்திலேயே ஓரம் கட்டிக் காத்திருங்கள். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியதாகச் செய்தி வந்தால் கடற்கரையில் தங்குவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். 1964 டிசம்பரில் ஒரே இரவில் தனுஷ்கோடி போனது இந்தக் கரையில்தான்.

அலை, நேற்று இருந்த இடத்தைத் தாண்டி வருகிறது

இந்தக் கரையில் ஏற்றவற்றம் பெரிதாக இருக்காது, ஆனால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கூடும். சித்திரை, வைகாசியில் கள்ளக்கடல் என்ற எச்சரிக்கை வரும்: காற்றே இல்லாமல் எங்கோ தெற்கில் கிளம்பிய பேரலை கரை ஏறும். வானம் தெளிவாக இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள்.

பாதுகாப்பான இடத்துக்கு ஓர் அடையாளம், அடப்பங்கொடி. அது படர்ந்திருக்கும் மேட்டை வழக்கமான அலை தொடாது. அதற்குப் பின்னால், கெட்டி நிலத்தில் நிறுத்துங்கள். கொடியின் மேல் ஏற்றாதீர்கள், மணல் மேட்டைப் பிடித்து வைத்திருப்பதே அதுதான். தை, மாசியில் ஆமைகள் முட்டையிட வரும், கடல் பக்கம் பார்த்த வெளி விளக்குகளை அணைத்துவிடுங்கள்.

தண்ணீர் சக்கரம் வரை வந்துவிட்டால் ஆட்களை மேட்டுக்கு அனுப்பிவிட்டு உதவி கேளுங்கள். கடலோரக் காவல் குழுமத்துக்கு 1093, பொதுவான அவசரத்துக்கு 112. இஞ்சினுக்குள் கடல் தண்ணீர் போயிருந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு வண்டியை ஏற்றிச் செல்லும் லாரிக்குச் சொல்லுங்கள்.

ராத்திரி யாரோ கதவைத் தட்டுகிறார்கள்

பயப்பட வேண்டாம், விளக்கைப் போட்டுப் பேசுங்கள். இது எல்லைக் கடல். போலீஸ் ரோந்து வருவது அன்றாடம். அடையாள அட்டையும் வண்டிப் புத்தகமும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். தனுஷ்கோடியில் இரவு தங்க விடமாட்டார்கள், மாலையிலேயே வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா, அங்கே தங்குவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். போகச் சொன்னால் வாதாடாமல் கிளம்புங்கள். இரவில் போய்ச் சேர வேறு ஓர் இடத்தைப் பகலிலேயே பார்த்து வைத்திருக்க வேண்டும்.

தட்டுவது மீனவர் என்றால், பெரும்பாலும் நீங்கள் நிற்பது அவர்கள் படகு இறக்கும் வழி, இல்லாவிட்டால் வலை காயப்போடும் இடம். விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு அவர்களுக்கு அந்த இடம் தேவை. உடனே நகர்த்துங்கள். சாயங்காலமே ஊருக்குள் போய், "ஐயா, இங்க ஒரு ராத்திரி வண்டியப் போட்டுக்கலாமா?" என்று பெரியவர் ஒருவரிடம் கேட்டுவிட்டால் எங்கே நிறுத்தலாம், எங்கே மணல் இறங்கும், காலையில் எந்தப் பக்கம் காற்று திரும்பும் என்று எல்லாமே சொல்லிவிடுவார்கள்.